உலக்கைப் பாட்டும் பல்லியமும்

திருவாசகத்திற்கு உருகாதவர் வேறு எந்த வாசகத்திற்கும் உருகமாட்டார் என்பது முன்னோர் வாக்கு. அவ்வாக்கை நாம் வகுப்பறையிலும் கோயில் மேடையிலும் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். ஆனால் உருகுவதற்கு முன்னர்க் கேட்க வேண்டும் அன்றோ? நம் மாணவர் திருவாசகத்தை எங்கே கேட்கின்றனர்? எவருடைய குரலில், எந்த நடையில் கேட்கின்றனர்? தமிழாசிரியராகிய நாம் இவ்வினாவை நமக்குள் எழுப்பிப் பார்ப்பது நல்லது. அதற்கு ஓர் இசைத்தட்டை அளவுகோலாகக் கொண்டு சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

2005ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இளையராஜாவின் ‘திருவாசகம்’ சென்னையில் வெளியிடப்பெற்றது. ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் பல்லியக் குழுவினர் இசைக்க, அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் ஆங்கிலப் பகுதியை எழுத, கத்தோலிக்க குருவான ஜெகத் கஸ்பர் அடிகளின் தமிழ் மையம் அதனை வெளிக்கொணர்ந்தது. சைவத் திருமுறையைக் கிறித்துவத் துறவி ஒருவர் முன்னின்று வெளியிட்டார் என்று அந்நாளில் வியந்தவர் பலர். தம் எண்பதாம் வயதில், 1900ஆம் ஆண்டில், திருவாசகம் முழுவதையும் ஆங்கிலமாக்கி வெளியிட்ட ஜி. யு. போப்பையரை அறிந்த தமிழாசிரியர்க்கு அது வியப்பாகத் தோன்றியிராது.

திரைப்படத்தின் துணையின்றி வந்த ஒரு தமிழ் இசைத்தட்டுக்கு இத்தகைய வரவேற்பு அரிது. ஜார்ஜ் டவுன் மார்க்கெட் தெருவில் ஒரு கடையில் நான் அதை வாங்கியபோது, திரைப்பாடல் வாங்க வந்த இளைஞர்களும் அதனைக் கையிலெடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தனர். ‘நம் திருவாசகம் மேனாட்டு மேடை ஏறிவிட்டது’ என்பதே எங்கும் பேச்சு. அந்தப் பாராட்டு தவறான இடத்தில் நிற்கிறது என்பதே என் கருத்து. இத்தட்டின் சிறப்பு அது மேனாட்டை எட்டியதில் இல்லை. நாட்டுப்புறத்துக்கு மீண்டதில் இருக்கிறது. இதனை விளக்குவேன்.

கடல் கடந்த பதிகம்

திருவாசகம் கடல் கடப்பதற்குப் பல்லியம் தேவைப்படவில்லை. நம் பினாங்குக்கு வடக்கே உள்ள சயாம் நாட்டின் அரசவைச் சடங்கில் அந்தணர் திருவெம்பாவை ஓதிவந்தனர். பொருள் மறந்தும் ஒலி மறவாமல் அது தலைமுறை தலைமுறையாக அங்கே நின்றது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய தனிநாயகம் அடிகள் இச்செய்தியைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர். போப்பையரின் மொழிபெயர்ப்போ நூலை ஐரோப்பியரின் கையில் கொடுத்தது. ஆகவே, ‘உலகுக்கு அறிமுகப்படுத்தியது’ என்ற புகழ் இத்தட்டுக்கு உரியதன்று. அதனினும் உயர்ந்த புகழ் ஒன்று அதற்கு உண்டு.

இன்னொரு சொல்லையும் ஈண்டுத் திருத்திக்கொள்வோம். இதனைப் பலரும் ‘சிம்பொனி’ என்று அழைக்கின்றனர். சிம்பொனி என்பது பொதுவாகச் சொற்களின் துணையின்றிப் பல்லியமே பல பகுதிகளாக எடுத்துரைக்கும் பேரிசை. சமய நூலொன்றின் சொற்களைத் தனிக்குரலும் கூட்டுக்குரலும் பாட, பல்லியம் துணை நிற்கும் வடிவத்திற்கு மேனாட்டார் ‘ஒரடோரியோ’ என்று பெயரிட்டுள்ளனர். 1742இல் டப்ளின் நகரில் முதன்முதலாகப் பாடப்பெற்ற ஹாண்டலின் ‘மெசையா’ அவ்வகையில் பெயர் பெற்றது. நம் ‘திருவாசகம்’ இவ்வினத்தையே சேரும். இளையராஜா சிம்பொனியும் இயற்றியுள்ளார். அது ‘வேலியண்ட்’ என்னும் பெயரில் 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேறியது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது விருத்தத்தையும் வெண்பாவையும் ஒன்றாக எண்ணுவது போன்ற பிழை. திருவாசகத் தட்டில் சொல்லே தலைமை பெற வேண்டும். அதனை மதிப்பிடுவோர் சொல் அங்கே எப்படி நிற்கிறது என்பதையே முதலில் நோக்க வேண்டும்.

மகளிர் ஆடலும் மணிவாசகர் பாடலும்

திருவாசகம் 51 பகுதிகளை உடையது. அவற்றுள் எட்டாம் பகுதி முதல் பதினாறாம் பகுதி வரை உள்ள தலைப்புகளை ஒருமுறை நினைவுகூருங்கள். திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல். இவை யாவை? காய் எறிந்து பிடித்தும், சுண்ணம் இடித்தும், தும்பியை விளித்தும், பூக்கொய்தும், எதிர்மொழி கூறியும், ஊசலாடியும் மகளிர் பாடிய பாட்டுகளின் வடிவங்கள். பாண்டியனின் அமைச்சராயிருந்த வாதவூரர், அரசவைக்குரிய உயர்ந்த யாப்புகளை அறிந்திருந்தும், தம் இறைவனைப் பாட முற்றத்து மகளிரின் வாய்ப்பாட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இவ்வழக்கு அவருக்கும் முற்பட்டது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் உலக்கையிட்டுக் குற்றியவாறே பாடுகின்றனர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி ஆகியவற்றோடு வள்ளைப் பாட்டும் உண்டு. வள்ளை என்பது உலக்கைப் பாட்டு. அந்த வள்ளையே மணிவாசகர் கையில் திருப்பொற்சுண்ணமாயிற்று. இறைவன் ஆடுவதற்கு உரிய நறுஞ்சுண்ணத்தை மகளிர் கூடி இடிக்கின்றனர். பாடல் வளர வளர, உலகமே உரலாகிறது. மேருமலை உலக்கையாகிறது. வாய்மையே மஞ்சளாகிறது. வீட்டு முற்றத்து வேலை அண்டத்தின் வேலையாக விரிகிறது. உரலும் உலக்கையும் அறியாதவனுக்கு இந்த விரிவு எட்டாது. ஊன்றுதற்கு நிலம் வேண்டும் அன்றோ?

ஆனால் நாம் இப்பாடல்களை எவ்வாறு கேட்டு வளர்ந்தோம்? தேவாரத்திற்குப் பண் வகுக்கப்பட்டிருப்பதுபோலத் திருவாசகத்திற்கு வகுக்கப்படவில்லை. மோகன இராகத்தில் அதனை ஓதுவது மரபாகிவிட்டது. ஓதுவார் மரபு செய்த தொண்டுக்கு நாம் தலைவணங்க வேண்டும். அம்மரபு இல்லையேல் பாடலின் ஒலியே நமக்குக் கிடைத்திராது. எனினும் ஓருண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பொற்சுண்ணமும் சிவபுராணமும் அச்சப்பத்தும் ஊசலும் ஒரே இராகத்தில், ஒரே நடையில் ஒலித்தபோது, அவை பிறந்த சூழல்களின் வேறுபாடு செவியிலிருந்து மறைந்தது. இடிப்பவளின் கை ஓய்ந்தது. ஊசலின் கயிறு அசைவற்று நின்றது.

தேனிப் பக்கத்து இசைஞர்

இளையராஜா 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். வயல் பாட்டும் தாயின் பாட்டும் கேட்டு வளர்ந்தவர். தமையனார் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகச் சென்று பாடியவர். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையைக் கற்றார். 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’யில் நாட்டுப்புற மெட்டு திரையரங்குகளில் ஒலித்தபோது, அது தங்கள் வீட்டுப் பாட்டு என்று பாமரர் கண்டுகொண்டனர். 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988இல் ‘நத்திங் பட் விண்ட்’ என்னும் தனி இசைத்தட்டுகளில் கருவி இசையைக் கொண்டு கீழையும் மேலையும் இணைத்துக் காட்டினார். ‘திருவாசக’த்தில் தமிழ்ச் சொல்லின் பொறுப்பும் அவர் தோளில் ஏறியது.

அவர் தேர்ந்தெடுத்தவை ஆறு: யாத்திரைப்பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து. இவ்வாறினுள்ளும் ஒன்றன் நடை மற்றொன்றில் இல்லை. இதுவே நான் முதலிற் சொல்ல விரும்பும் சிறப்பு. யாப்பிலக்கணம் கற்பிக்கும்போது யாத்திரைப்பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து மூன்றையும் ‘அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம்’ என்று கரும்பலகையில் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். மாணவர் அதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். ஆனால் யாத்திரை என்பது அடியார் கூட்டம் புறப்படும் நடை. பொற்சுண்ணம் உலக்கை ஏறி இறங்கும் நடை. அச்சப்பத்தோ எவற்றுக்கெல்லாம் அஞ்சேன் என்று அடுக்கிச் சென்று, இறைவனிடம் அன்பில்லாதவரைக் கண்டால் மட்டும் நடுங்குவேன் என்று திரும்பும் நடை. யாப்பின் பெயர் ஒன்றாயினும் உயிர்ப்பு மூன்று. இந்த வேறுபாட்டை இசைத்தட்டு செவிக்குக் காட்டிவிடுகிறது. நாம் ஒரு பருவம் முழுதும் விளக்கியும் மாணவர்க்கு விளங்காத ஒன்றை அது சில நிமிடங்களில் உணர்த்திவிடுகிறது.

இரண்டாவது சிறப்பு குரல். தட்டின் பெரும்பகுதியில் தலைக்குரல் இசையமைப்பாளருடையதே. மேடைப் பயிற்சியால் மெருகேறிய குரல் அன்று அது. சில இடங்களில் கரகரக்கும். சில இடங்களில் மூச்சு வெளிப்படும். மணிவாசகர் தம்மை நாயினும் கடையனாக எண்ணிப் பாடுகிறார். அவ்வாறு தாழும் ஒருவனுக்கு இக்குரல் பொருந்துவதுபோல் மெருகேறிய குரல் பொருந்தாது. பெருங்கருவிகள் சூழ நிற்க, நடுவே ஒரு கிராமத்தான் தனியே நின்று தன் குறையைச் சொல்வதுபோல் அது கேட்கிறது.

மூன்றாவது, சிவபுராணப் பகுதி. இது ஏறத்தாழ 20 நிமிடம் நீள்கிறது. நம் பள்ளிகளிலும் கோயில்களிலும் சிவபுராணத்தை விரைந்து ஓதுவது வழக்கம். 95 அடிகளையும் தட்டாமல் சொல்லி முடித்த மாணவனுக்குப் பரிசு கொடுக்கிறோம். அவ்விரைவில், புல்லாய்த் தொடங்கி, விலங்காய், பறவையாய், கல்லாய், மனிதராய், தேவராய்ப் பிறந்து இளைத்த அந்த நெடும்பயணம் ஒரு பெயர்ப்பட்டியலாகிவிடுகிறது. இசைத்தட்டில் பாடல் நூலின் தலைப்பிலிருந்து தொடங்கவில்லை. பாடுபவர் தம் சிறுமையைச் சொல்லிப் பிறவிகளை எண்ணத் தொடங்கும் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. நிதானமாகச் செல்கிறது. அதனைக் கேட்ட பின்னர்தான், முப்பது ஆண்டுகளாக நாவில் இருந்த அவ்வடிகளின் களைப்பு என்னவென்று எனக்கு விளங்கியது.

குறைகள்

நிறையை மட்டும் கூறுவது திறனாய்வு ஆகாது. என் செவிக்குப் பட்ட குறைகளையும் சொல்கிறேன்.

முதலாவது, திருக்கோத்தும்பி. தும்பிகளின் அரசனை நோக்கி, சிறு பூவிலுள்ள துளித் தேனை நாடாதே, நினைக்கவும் காணவும் பேசவும் தேன் சொரியும் கூத்தனிடம் சென்று ஊது என்று பாடுவது அதன் அமைப்பு. சொல்ல வேண்டியதைத் தானே சொல்லாமல், ஒரு வண்டைத் தூதாக்கிச் சொல்லும் நயம் அங்கே உள்ளது. இத்தட்டில் இடையிடையே வரும் ஆங்கிலப் பகுதி மொழிபெயர்ப்பு அன்று. குறையுள்ள மனிதன் ஒருவன் தூயதை எட்ட ஏங்கும் நேரடியான வாக்குமூலம் அது. ‘காட்ஸ்பெல்’, ‘விக்கட்’ முதலிய இசை நாடகங்களைப் படைத்த ஷ்வார்ட்ஸ் திறமுடையவர் என்பதில் ஐயமில்லை. அவர் எழுதியது தன்னளவில் உருக்கமானதே. ஆயினும் அதில் வண்டு பறந்துபோய்விட்டது. தமிழறியாதார் கேட்டால் மணிவாசகரின் ஏக்கம் தெரியும். அவர் ஏக்கத்தை மகளிர் விளையாட்டாக மாற்றிய கலை தெரியாது.

இரண்டாவது, சில இடங்களில் பல்லியம் சொல்லின்மேல் ஏறி அமர்கிறது. நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவனுக்கு இடரில்லை. நூலறியாத சிறுவனுக்கோ எங்கே சீர் முடிகிறது, எங்கே எதுகை வருகிறது என்பது புலப்படாமல் போகிறது. எதுகையைச் செவி பிடித்தால்தான் பாடல் நெஞ்சில் நிற்கும். இத்தட்டைப் பலமுறை கேட்ட மாணவர்கள்கூட ஓரிரு அடிகளுக்குமேல் பாட முடியாமல் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். இசை நினைவில் இருக்கிறது. அடி நினைவில் இல்லை.

மூன்றாவது, தேர்வு. மகளிர் ஆடற்பாட்டுகள் ஒன்பதில் இரண்டே இங்கு இடம்பெற்றன. சாழலில் ஒருத்தி இறைவனைப் பழிப்பதுபோல் வினவ, மற்றொருத்தி மறுமொழி கூறுகிறாள். இரு குரலாகப் பாடுதற்கென்றே பிறந்த வடிவம் அது. பொன்னூசலோ அசைவிலேயே இசையை உடையது. நாட்டுப்புற மெட்டறிந்த இவ்விசைஞர் கையில் அவ்விரண்டும் எவ்வளவு சிறந்திருக்கும்! பெருந்துணிவு கொண்டவர் இன்னும் சிறிது துணிந்திருக்கலாம்.

என் பிழை

இனி, இவ்விசைத்தட்டைக் கேட்டவர்களுள் ஒருவனாகிய என் குறையையும் சொல்லியாக வேண்டும்.

அப்போது நான் வேறொரு பள்ளியில் ஆசிரியன். இத்தட்டு வெளிவந்த மறு ஆண்டு, திருமுறைப் போட்டிக்கு மாணவரைப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வாரத் தொடக்கத்துச் சபைகூடலில் இறைவாழ்த்துப் பாட முன்வந்தாள். மோகனத்தில் பாடுவாள் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க, திருப்பொற்சுண்ணத்தைத் தட்டில் உள்ள மெட்டிலே, கையால் தொடையில் தட்டிக்கொண்டு பாடினாள். பிள்ளைகள் சிரித்தனர். நான் நடுவில் நிறுத்தி, ‘இது சினிமாப் பாட்டு இல்லை அம்மா, முறையாகப் பாடு’ என்றேன். அவள் ‘சரிங்க ஐயா’ என்று சொல்லி இறங்கிவிட்டாள். பின்னர் எத்தனை முறை அழைத்தும் அவள் மேடையேறவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற எந்தப் பாடமும் அன்று எனக்குத் துணை வரவில்லை. மரபைக் காத்தேன் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு குரலை அடைத்தேன் என்பது பின்னர்தான் தெரிந்தது.

அதனைத் தெரிவித்தவர் ஒரு மூதாட்டி. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முதல் நாள், ஒலிபெருக்கியில் போட இத்தட்டைக் கொண்டுபோயிருந்தேன். கோயிலுக்குப் பின்புறம் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தவர், பொற்சுண்ணம் ஒலித்ததும் உலக்கையை நிறுத்திக் காது கொடுத்தார். ‘வாத்தியாரே, இது இடிக்கிற பாட்டுதானே?’ என்று கேட்டார். ‘பாட்டி, இது திருவாசகம்’ என்றேன். ‘என்ன வாசகமோ, இடிக்கிற பாட்டுதான்’ என்று சொல்லிவிட்டு, அதன் தாளத்துக்கு ஒத்து மீண்டும் உலக்கையைப் போட்டார். அவருக்கு எழுத்தறிவு இல்லை. வள்ளை என்ற சொல்லைக் கேட்டறியார். எனினும், கலித்தொகையும் சிலம்பும் கற்ற நான் காணாததை அவர் செவி கண்டுகொண்டது. அந்தச் சிறுமி தொடையில் தட்டியதும் அதே தாளம் அன்றோ?

தம் இளமையில் லயத்துப் பெண்கள் இடிக்கும்போது பாடிய பாட்டுகள் தமக்குத் தெரியும் என்றார் அவர். ‘அடுத்த வாரம் குறிப்பேட்டோடு வருகிறேன், பாட்டி’ என்றேன். பள்ளி வேலை, தேர்வு, கூட்டம் என்று நாட்கள் சென்றன. நான் போகவில்லை. அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு அவர் இல்லை.

ஹங்கேரி நாடு கற்பிப்பது

இளையராஜாவின் இசையை வாசித்த பல்லியம் புடாபெஸ்டிலிருந்து வந்தது என்பதை முன்பே கூறினேன். அந்நாட்டின் வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேலா பார்டோக், சோல்தான் கொடாய் என்னும் இளைஞர் இருவர் ஒலிப்பதிவுப் பொறியைச் சுமந்துகொண்டு ஹங்கேரியின் சிற்றூர்களுக்குச் சென்றனர். குடியானவர் பாடியதைப் பதிந்தனர். 1906இல் அவற்றுள் இருபது பாட்டுகளை இருவரும் சேர்ந்து வெளியிட்டனர். நகரத்தார் தொடக்கத்தில் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆயினும் அவர்கள் விடவில்லை. பார்டோக்கின் பேரிசைகளில் அக்குடியானவர் பாட்டு உரமாயிற்று. கொடாய் அதனைப் பள்ளிக்குக் கொண்டுசென்றார். குழந்தைக்கு முதலில் கற்பிக்க வேண்டியது அதன் இசைத் தாய்மொழியாகிய நாட்டுப்பாட்டே என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின் வழியே அமைந்த இசைக்கல்வி முறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

தமிழகத்திலும் அத்தகைய முயற்சிகள் நடந்தன. கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958இலும், நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இலும் வெளிவந்தன. அவர்கள் ஏட்டில் எழுதி வைத்ததனால் அச்சொற்கள் நின்றன. ஆனால் நாட்டுப்பாட்டைத் தமிழ்க் கல்வியின் முதற்படியாக்கும் துணிவு நமக்கு வரவில்லை. ஹங்கேரியர் தம் குடியானவர் பாட்டைப் பள்ளியில் கற்று வளர்ந்ததனால், அவர்கள் மண்ணின் பேரிசையைக் கேட்கும்போது அதன் வேர் அவர்களுக்குத் தெரிகிறது. நம் மாணவரோ இளையராஜாவின் பொற்சுண்ணத்தைக் கேட்கும்போது பல்லியத்தின் பெருமையைக் காண்கின்றனர். உலக்கையைக் காண்பதில்லை. உலக்கை என்றால் என்னவென்றே கேட்கின்றனர். குறை இசைஞருடையது அன்று. வேரைக் காட்டாத நம்முடையது.

நாம் செய்யத்தக்கது

கெலுகோரிலிருந்து பாலத்தைக் கடந்து நாள்தோறும் நான் செல்லும் பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. லயங்கள் இல்லை. பால்மரமும் இல்லை. பெற்றோர் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் வளர்கின்றனர். அங்கே உரலுக்கு இடம் ஏது? ஆதலின் முன்போலப் பாட்டு தானே வந்து பிள்ளையின் காதில் விழும் என்று காத்திருக்க முடியாது.

சில ஆண்டுகளாக நான் செய்துவருவதைப் பணிவோடு சொல்கிறேன். திருப்பொற்சுண்ணத்தைக் கற்பிக்கும்போது, முதலில் கோயில் கிடங்கிலிருந்து ஓர் உலக்கையை இரவல் வாங்கி வகுப்புக்குக் கொண்டுவருகிறேன். இரண்டு பிள்ளைகள் மாறி மாறி அதனை எடுத்துப் போடுகின்றனர். அடி ஒவ்வொன்றும் மும்மூன்று சீராகப் பிரிந்து, உலக்கையின் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் பொருந்துவதை அவர்களே கண்டுபிடிக்கின்றனர். பிறகு சீர் பிரித்து எழுதுகிறோம். அதன்பின் மோகனத்தில் ஓதுகிறோம். மரபு ஓசை அவர்கள் நாவில் நிற்க வேண்டும் என்பதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் இறுதியில் இளையராஜாவின் தட்டை ஒலிக்கச் செய்கிறேன். அப்போது எவரும் சிரிப்பதில்லை. ‘ஐயா, இது நாம இடிச்ச மாதிரியே இருக்கு’ என்று ஒரு சிறுவன் சொன்னான். மூதாட்டி சொன்னதைத்தான் அவனும் சொன்னான்.

போட்டி நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மரபு ஓதலுக்குரிய போட்டி மரபுப்படியே நடக்கட்டும். அதனோடு, பதிகத்தின் சொல்லும் சீரும் சிதையாமல் அதன் ஆடல் நடையில் பாடுதற்கும் ஒரு பிரிவு அமையலாம். அம்மானையைக் காய் எறிந்து பாடட்டும். சாழலை இருவர் எதிர்நின்று பாடட்டும். ஓதுவார் மரபுக்கு அதனால் இழுக்கு வராது. மணிவாசகர் கேட்ட ஒலிக்கு நாம் சற்று அண்மையில் செல்வோம்.

இளையராஜாவின் ‘திருவாசகம்’ குறையற்ற படைப்பு அன்று. பெயரில் மயக்கம் உண்டு. ஆங்கிலத்தில் வண்டு தொலைந்தது. சில அடிகள் பல்லியத்தில் மூழ்கின. ஆயினும் ஒரே ஓசையில் உறைந்துகிடந்த பதிகங்களுக்கு அவற்றின் கை, கால் அசைவைத் திருப்பித் தந்த படைப்பு அது. நாட்டுப்புறத்தில் வளர்ந்த ஒருவரால்தான் அதனைச் செய்ய முடிந்தது. மணிவாசகர் மகளிரிடம் கடன் வாங்கிய தாளத்தை இவ்விசைஞர் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். மாவு இடித்த மூதாட்டி அதனைப் பெற்றுக்கொண்டார்.

அன்பார்ந்த ஆசிரியர்களே, உங்கள் ஊரிலும் அத்தகைய மூதாட்டி ஒருவர் இன்னும் இருக்கக்கூடும். அடுத்த வாரம் என்று சொல்லாதீர்கள். இன்று மாலையே குறிப்பேட்டோடு செல்லுங்கள்.